கண் இருட்டுகிற பள்ளம்

அத்தியாயம் – 11

போன வாரம் ஒரு மனுஷரை இரும்புப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டுப் பாதியில் போய்விட்டோம். கவலை வேண்டாம், அவர் எழுந்துவிட்டார். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, மனைவியின் கையை இழுத்துத் தன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

“தம்பிக்குத் தெரியக் கூடாது. மேனேஜருக்குத் தெரியவே கூடாது.”

சத்தியம் வாங்கியவர் அன்றே குறட்டை விட்டுத் தூங்கினார். கொடுத்தவள் வாரம் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உலகத்தில் எல்லாச் சத்தியங்களும் இப்படித்தான் பங்கு பிரிகின்றன.

அவளை அந்தப் பூங்காவில் எல்லோரும் கேபின் அக்கா என்பார்கள். ரோலர் கோஸ்டர் புறப்படும் மேடைக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. அதில் உட்கார்ந்து வண்டியை அனுப்புவதும் நிறுத்துவதும் அவள் வேலை. புருஷன் அங்கேயே தலைமை மெக்கானிக். கொழுந்தன் மேடையில் நின்று ஆட்களை ஏற்றி, மடிமேல் கம்பியை இறக்கிப் பூட்டுகிறவன். குடும்பமே ராட்டினத்தில் பிழைக்கிறது என்று கேலி செய்வார்கள். கேலி இல்லை, நிஜம்தான். செத்துப்போன மாமனாரும் பெரிய ராட்டினம் ஓட்டியவர்தான்.

ராட்டினக் குடும்பத்துக்கு ஒரு ரோஷம் உண்டு. தலை சுற்றுகிறது என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கொழுந்தன் ஆறு வயதில், அப்பாவின் ராட்டினத்திலிருந்து இறங்கி, ஊர்ப்பட்ட ஜனத்துக்கு நடுவில் மயங்கி விழுந்தான். அன்று ஒட்டிய பெயர் ‘மயக்கம்’. முப்பது வயதாகியும் உரியவில்லை. மேடையில் வேலை செய்கிற பையன்கள்கூட, “மயக்கம் அண்ணே, ஒரு டீ” என்கிறார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கித் தருவான். ஆனால் தினமும் காலையில் காலி வண்டியில் சோதனைக்கு ஏறும்போது, கடைசி சீட்டைத்தான் கேட்டு வாங்கி உட்காருவான். கடைசி சீட்டில்தான் வேகம் கூடத் தெரியும்.

இறங்கியதும் அண்ணனும் தம்பியும் மேடையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டின்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார்கள். கால் கோட்டைத் தாண்டினால் தோற்றவன். பல வருஷமாக நடக்கிற பந்தயம். இதுவரை யாரும் தோற்றதில்லை.

அப்படிப்பட்ட அண்ணன்தான் போன வாரம், சாயங்காலச் சோதனை ஓட்டம் முடிந்து, யாரும் பார்க்காத பின்பக்கப் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“கிணத்துல இறங்கி ஏறும்போது நிறமெல்லாம் போயிடுச்சு. எல்லாம் சாம்பலா ஆயிடுச்சு. ஓரத்துலேருந்து இருட்டு வருது. காது மட்டும் கேக்குது” என்றார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்க்காமல், “அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு” என்றார்.

கிணறு என்பது இரண்டாவது பெரிய பள்ளம். வண்டி அதில் விழுந்து, அடியில் சட்டென்று மேலே திரும்பும். அந்த இடத்தில் உடம்பு மூன்று ஆள் கனம் கனக்கும். ரத்தமும் அதே கனம் கனப்பதால், தலைக்கு ஏறாமல் காலுக்கு இறங்கப் பார்க்கும். கொஞ்சம் கிறுகிறுப்பு யாருக்கும் வரும். ஆனால் தினமும் ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை இறுக்கி, வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மெக்கானிக்குக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன விஷயம். அவருக்கே கண் இருட்டியது என்றால்?

மாமனாருக்கு இதே வயதில்தான் மூளையில் நரம்பு வெடித்தது. தன் ராட்டினத்தின் அடியிலேயே சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

“டாக்டர்கிட்ட போலாங்க” என்று அவள் ஏழு நாளும் சொன்னாள்.

“திறப்பு முடியட்டும். இப்போ சொன்னா என்னை வண்டிப் பக்கமே விட மாட்டாங்க.”

பராமரிப்புக்காக மூடியிருந்த ரோலர் கோஸ்டர் இன்றைக்குத் திறக்கிறது. விடிந்ததும் அவர் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரியபோது, அவள் பின்னால் போய் நின்றாள்.

“இன்னிக்கு நீங்க ஏறக் கூடாது.”

“ஏறல. போதுமா? தம்பி ஏறட்டும். எனக்குச் சங்கிலி பாக்கற வேலை இருக்கு.”

“என் தலைமேல அடிச்சு சொல்லுங்க.”

“உன் தலை ஏற்கெனவே வலிக்குதுன்னு சொன்னியே” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு என்றுதான் தோன்றியது.

சொன்னபடியே காலைச் சோதனைக்கு அவர் ஏறவில்லை. கொழுந்தன் மட்டும் கடைசி சீட்டில் தனியாகப் போய் வந்தான். வண்டி மேடைக்குள் நுழைந்து, பிரேக் கீச்சிட்டு, முக்கி முனகி நின்றது. பராமரிப்பு முடிந்ததிலிருந்து இந்த மேடைப் பிரேக் கொஞ்சம் அதிகமாகவே கத்துகிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அதற்குப் பதிலாக, தூரத்தில் கிணற்றுக்கு முன்னால் இருக்கிற மேட்டுப் பிரேக்கின் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. முன்பெல்லாம் வண்டி அந்த மேட்டைத் தாண்டும்போது பன்றியைப் பிடித்ததுபோல் ஒரு அலறல் கேட்கும். புதுப் பெயின்ட் அடித்ததும் தண்டவாளம் வாயை மூடிக்கொண்டது என்று அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டாள்.

கொழுந்தன் இறங்கினான். மஞ்சள் கோட்டில் இரண்டு எட்டு வைத்தான். நின்றான். குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்குச் சுருக்கென்றது. படிக்கட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் புருஷன் செய்வதும் இதுதான். “குனிஞ்சா தலைக்கு ரத்தம் வந்துடுது, சரியாயிடுது” என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவள் எழுந்து நின்று பார்த்தாள். கொழுந்தன் போட்டிருந்தது பட்டை ஒட்டுகிற ஷூ. அதில் கயிறே கிடையாது.

கூப்பிட்டுக் கேட்பதற்குள் மேனேஜர் கேபினுக்குள் நுழைந்துவிட்டார். அவருக்கு இன்று கல்யாண வீட்டுக் களை. நேற்றிரவு தூங்கவில்லை என்பதை மூன்று முறை சொன்னார். வெளியே வரிசை மேடையிலிருந்து நுழைவாசல்வரை வளைந்து நின்றது. கேட்டைத் திறந்ததும் ஜனம் ஏறியது. முன் சீட்டில் ஜடை போட்ட இரண்டு பெண்கள், நடுவில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர், கையைக் கோத்துக்கொண்ட ஒரு புது ஜோடி. கொழுந்தன் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போனான்.

“கடைசி சீட் காலியா இருக்கே” என்றார் மேனேஜர். “மெக்கானிக்க உக்காரச் சொல்லுங்க. நம்ம ஆளே உக்காந்தா ஜனங்களுக்குத் தைரியம் வரும். போட்டோவுக்கும் நல்லாயிருக்கும்.”

“சார், அவருக்கு வேலை இருக்கு” என்றாள் அவள்.

“இதுவும் வேலைதானே?”

மேடையில் நின்ற மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் தலையை லேசாக, மேனேஜருக்குத் தெரியாமல், வேண்டாம் என்று அசைத்தாள். அவர் ஒரு கணம் நின்றார். தம்பி பார்க்கிறான், ஜனம் பார்க்கிறது, மேனேஜர் கையை ஆட்டுகிறார். கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து கம்பியை இறக்கிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

கட்டை விரல் தூக்கினால் அவள் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அத்தனை வருஷமாக யோசிக்காமல் அழுத்திய பொத்தான். இன்று விரல் போகவில்லை.

“என்னம்மா, பேனல்ல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல சார்.”

அழுத்தினாள். அழுத்திய கையை அவளாலேயே பார்க்க முடியவில்லை. வண்டி நகர்ந்து, வளைவில் திரும்பி, சங்கிலியில் மாட்டிக்கொண்டு டக், டக், டக் என்று ஏற ஆரம்பித்தது. மேனேஜர் போட்டோ எடுக்க வெளியே ஓடினார்.

கொழுந்தன் கேபினுக்குள் வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, உங்க ஷூவுல கயிறே இல்லையே.”

பாட்டில் பாதி வழியில் நின்றது. “என்ன அண்ணி?”

“காலையில குனிஞ்சு எதக் கட்டினீங்க?”

அவன் வாசலைப் பார்த்தான். கதவைச் சாத்தினான். “அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

இன்னொரு சத்தியமா! இந்த வீட்டு ஆண்களுக்கு வேறு பிழைப்பே இல்லை.

“முதல்ல சொல்லுங்க.”

“கிணத்துல கண்ணு இருட்டுது அண்ணி. நிறம் போயிடுது. ஓரத்துலேருந்து கருப்பா வந்து, ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி ஆயிடுது. ஏறி வந்ததும் சரியாயிடுது. காலை இறுக்கிப் பாத்தேன், வயித்த இறுக்கிப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. இத்தனை வருஷத்துல எனக்கு வந்ததே இல்ல. வெளியில தெரிஞ்சா அவ்வளவுதான், சாகற வரைக்கும் மயக்கம்தான் நான்.”

“எப்போலேருந்து?”

“திரும்ப ஓட்ட ஆரம்பிச்சதுலேருந்து. முதல் நாள் வெயில்னு நெனச்சேன்.”

டக், டக், டக்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். அவருக்கு ஒன்றுமில்லை! நரம்பும் இல்லை, வெடிப்பும் இல்லை. இரண்டு பேருக்கு, ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் ஒரே வியாதி வராது. ஏழு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்படியே இறங்கியது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அந்தத் தண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தபோதுதான், வண்டி உச்சிக்கு நெருங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. வியாதி அவருக்கு இல்லை என்றால் வண்டிக்கு. வண்டி நிறைய ஜனம். தொப்பியை மடியில் வைத்திருந்த பெரியவருக்குக் காலை இறுக்கத் தெரியுமா? மேட்டுப் பிரேக் ஏன் அலறவில்லை? பிடித்தால்தானே அலறும்! கிணற்றில் விழுவதற்கு முன்னால் வண்டியின் வேகத்தைக் குறைப்பதே அதுதான்.

பேனலில் மேட்டுப் பிரேக்கின் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. பிரேக் மூடியிருக்கிறது என்றுதான் அந்த விளக்கு சொல்லும். பிடிக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

அவள் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள்.

சங்கிலி ஒரு குலுக்கலோடு நின்றது. வண்டி உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வானத்தைப் பார்த்தபடி தொங்கியது. ஜனம் ஒரே குரலில் ‘ஓ’ என்றது. அதில் பாதி பேர் இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று கை தட்டினார்கள்.

வாக்கி டாக்கி உயிர் பெற்றது. “யார் நிறுத்தினது? கேபின்! யார் நிறுத்தினது?”

“நான்தான் சார். வண்டிய விட முடியாது. எல்லாரையும் ஏணிப்படி வழியா இறக்கணும்.”

“காரணம்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் வந்தது. மேலே, கடைசி சீட்டிலிருந்து. மெதுவான, அடக்கிய குரல்.

“எனக்காக நிறுத்தினியா? நான் நல்லாயிருக்கேன். ஓட்டு.”

பூங்காவில் வாக்கி டாக்கிக்கு ஒரே அலைவரிசை. டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து வாசல் காவலாளிவரை, எல்லோர் இடுப்பிலும் அவள் குரல் கேட்கும். புருஷனிடம் தனியாகச் சொல்ல வழியே இல்லை. சொன்னால், கொடுத்த சத்தியமும் போச்சு, கொழுந்தன் கேட்ட சத்தியமும் போச்சு. சொல்லாவிட்டால், மேனேஜர் ஓட்டு என்பார், அவரும் ஓட்டு என்பார்.

கொழுந்தன் இரண்டு கையையும் கூப்பினான். “அண்ணி, வேண்டாம்.”

அவள் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினாள்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. கேக்குதா? உங்க உடம்புக்கு ஒண்ணுமே இல்ல. கிணத்துல உங்களுக்குக் கண் இருட்டின மாதிரியே தம்பிக்கும் இருட்டுது. அதே இடம். அதே வாரம். வண்டி வேகமா போகுது. மேட்டுப் பிரேக் பிடிக்கல.”

மேனேஜர் சிரித்தார்.

“என்னம்மா இது? ரோலர் கோஸ்டர்ல தலை சுத்தாம வேற எதுல சுத்தும்? அதுக்குத்தானே காசு குடுத்து ஏறறாங்க! ஓட்டுங்க. நான் சொல்றேன், ஓட்டுங்க.”

அவள் பேனல் சாவியைத் திருப்பி உருவினாள். உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும். இந்தக் கையை விரித்து யார் எடுப்பார்கள், பார்க்கலாம்.

மேலேயிருந்து மெக்கானிக் கேட்டார். “தம்பி, அண்ணி சொல்றது நிஜமா?”

கொழுந்தன் வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணாடிக்கு வெளியே மேடைப் பையன்கள் மூன்று பேர் அவனையே பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“தம்பி” என்றாள் அவள். “அண்ணன் அங்க தொங்கிட்டிருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் ஒரு நாளும் அதுல ஏறினவ இல்ல.”

அவன் வாக்கி டாக்கியை எடுத்து அதன் பொத்தானை அழுத்தினான். முதலில் மூச்சு மட்டும்தான் போனது.

“ஆமாண்ணே. எனக்கும் இருட்டுது. தினமும்.”

“ஏண்டா சொல்லல?”

“நீங்க ஏண்ணே சொல்லல?”

அடுத்து மேலேயிருந்து வந்த குரல் புருஷனுடையது இல்லை, தலைமை மெக்கானிக்குடையது.

“கேபின், வண்டிய அப்படியே வை. மேனேஜர் சார், ஜனங்கள இறக்கறோம். ஒவ்வொருத்தரா. பொறுப்பு என்னுது.”

இறக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஜடை போட்ட பெண்கள் படி முழுக்க மேனேஜரைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். தொப்பிப் பெரியவர் மட்டும் கேபின் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டி, “நன்றிம்மா. மேலே போனப்பவே இறங்கிடலாம்னு வேண்டிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் அவளிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பது இன்னும் மோசம் என்று அவளுக்குத் தெரியும்.

மெக்கானிக் கீழே வரவில்லை. நேராக மேட்டுப் பிரேக்குக்கு ஏறிப் போனார். அவள் கண்ணாடி வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உயரத்தில் அவர் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. ஏழு நாளாக அவர் குனியும்போதெல்லாம் அவளுக்கு ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கத் தோன்றியது. இன்று தோன்றவில்லை. அழ வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

அவர் கேபினுக்குள் வந்தபோது கையில் ஒரு பிரேக் கட்டை இருந்தது. வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைகளில் ஒன்று. சொரசொரப்பாக இருக்க வேண்டிய பக்கம் முழுக்கச் சிவப்புப் பெயின்ட் மினுமினுத்தது. நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

“கவ்வுது. வழுக்கி வழுக்கி விட்டுடுது” என்றார். “தண்டவாளத்துக்கு அடிச்ச பெயின்ட் இதுமேலயும் ஏறியிருக்கு. திறப்புக்கு முன்னாடி பாத்திருக்கணும். பாக்கல. என் மண்டையில நரம்பு வெடிக்கப் போகுதுன்னு நான் பயந்து செத்துக்கிட்டிருந்தேன்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சாவி பதிந்த இடம் அவள் உள்ளங்கையில் சிவந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

“சத்தியத்த மீறிட்டேங்க.”

“நல்லவேளை மீறின” என்றார். தம்பி பக்கம் திரும்பினார். தம்பி கதவருகில் நின்றிருந்தான். இத்தனை பேர் காதில் விழுந்த பிறகும், ஒருவனும் அவனை இன்னும் மயக்கம் என்று கூப்பிடவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியம்.

“ஒரு விஷயம்தான் புரியல” என்றார் மெக்கானிக். “பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இந்தக் கட்டையெல்லாத்தையும் சாக்கு போட்டுக் கட்டச் சொன்னேனே உன்னை. கட்டினியாடா?”

“கட்டினேண்ணே. நானே ஏறிப் போய்க் கட்டினேன்.”

“அப்போ அவுத்தது யாரு?”

“தெரியலண்ணே.”

மெக்கானிக் தலையாட்டினார். தம்பி சொன்னால் அவருக்குப் போதும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பெயின்ட்காரர்களை ஒரு கை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

“அண்ணி, தண்ணி இருக்கா?” என்றான் கொழுந்தன்.

அவள் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்கவும் இல்லை.

தலை சுற்ற இப்போது காரணமே இல்லை. ஆனாலும் மெதுவாகக் குனிந்து, கயிறில்லாத ஷூவுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தான்.